பெயர் தெரியாத மீன்

வின்டர்தூரில் வாழும் பிள்ளைகளுக்குத் தொஸ் ஆற்றைத் தெரியாமல் இராது. வெயில் எறிக்கும் நாளில் நீங்களும் அங்கே கால் நனைக்கப் போயிருப்பீர்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனால் ஐஸ் போலக் குளிரும். அடியிலே உருண்டைக் கற்கள். அந்தக் கற்களில் ஒன்றை மெதுவாக அசைத்தால் சில வேளைகளில் இப்படி நடக்கும்:

"அம்மப்பா, இஞ்ச வாங்கோ! கெதியா வாங்கோ!"

"என்ன பிள்ளை, கால் வழுக்கினதோ?"

"இல்லை, கல்லுக்குக் கீழ ஒண்டு இருந்தது. ஓடிட்டுது. தவளை மாதிரித் தலை, ஆனா வாலும் இருக்கு."

"அப்ப வாற்பேத்தையா இருக்கும்."

"இல்லை அம்மப்பா, என்ர விரலை விடப் பெரிசு. செட்டையும் இருந்தது. அங்க, அந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில நிக்குது, பாருங்கோ!"

அம்மப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்க்கிறார். அவர் சின்ன வயதில் கடல்நீரேரிக் கரையில் வளர்ந்தவர். மீன் அவருக்குப் புதிதல்ல.

"அட, உது உளுவையல்லோ! எங்கட ஊரில வலையில வாற உளுவை. இஞ்சயும் கிடக்கோ?"

அம்மப்பா சொன்னது பிழை. ஆனால் அது நல்ல பிழை. பெரிய தலை, மேல்நோக்கிய கண்கள், அடியில் படுத்திருக்கும் பழக்கம் என்று சரியான அடையாளங்களைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். அதே அடையாளங்கள் இரண்டு வேறு மீன்களுக்கு இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

நீங்கள் பார்த்த மீனை ஜேர்மன் மொழியில் 'குறொப்பெ' என்பார்கள். தமிழில் அதற்குப் பெயர் இல்லை. தமிழர் வாழ்ந்த நாடுகளில் அது இல்லாததால், பெயர் வைக்க யாருக்கும் தேவை வரவில்லை. நாமும் குறொப்பெ என்றே சொல்வோம்.

குறொப்பெ பெரிய மீன் அல்ல. நன்றாக வளர்ந்தாலும் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர்தான். அதன் தோலில் செதில் கிடையாது. மற்ற மீன்கள் பலவற்றின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கும். அந்தப் பை இருப்பதால்தான் அவை தண்ணீரின் நடுவிலே மிதந்து நிற்கின்றன. குறொப்பெக்கு அந்தப் பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் கல்லுப் போலக் கீழே போய்விடும். ஆகவே அது நீந்துவதை விட, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவுகிறது என்று சொல்வதே பொருத்தம். பகலில் கல்லின் கீழே ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து சிறு பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும்.

வசந்த காலத்தில் பெண் குறொப்பெ ஒரு கல்லின் அடிப்பக்கத்தில், அதாவது மீனின் வீட்டுக் கூரையில், முட்டைகளை ஒட்டி வைக்கிறது. பிறகு அது போய்விடும். காவல் நிற்பது அப்பா மீன்தான். முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் பட வேண்டும் என்று செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆற்றில் கல்லைப் புரட்டிப் பார்த்தால், இருந்தபடியே திரும்ப வையுங்கள். வசந்த காலத்தில் புரட்டாமலே விட்டுவிடுங்கள். அது ஒரு வீட்டின் கூரை.

சரி, அப்படியென்றால் உளுவை எங்கே?

உளுவைக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான வகை மீன்கள் உலகம் முழுவதும் உண்டு. ஜேர்மன் மொழியில் அவற்றை 'குறுண்டெல்' என்பார்கள். அவற்றில் சில கருங்கடல் பக்கத்தில் வாழ்ந்தவை. கருங்கடல் இங்கிருந்து வெகு தூரம். ஆனால் ஐரோப்பாவில் கால்வாய்கள் பல உண்டு. 1992 இல் றைன் ஆற்றையும் டனூப் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன்பின் கப்பல்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய்வந்தன. கப்பல்களோடு குறுண்டெல் மீன்களும் வந்தன. ரிக்கெற் எடுக்காத பயணிகள்! 2011 இல் பாசல் நகரத்தின் அருகே றைன் ஆற்றில் ஒரு வகைக் குறுண்டெல் காணப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு வகையும் வந்துவிட்டது. இந்த இரண்டாவது வகை வேகமாகப் பெருகியது. அது குறொப்பெ இருக்கும் கல் இடுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற மீன்களின் முட்டைகளையும் தின்கிறது.

இப்போது யோசியுங்கள். ஒருவர் தூண்டில் போடும்போது சின்ன மீன் ஒன்று மாட்டுகிறது. அது குறொப்பெ என்றால், காப்பாற்ற வேண்டிய உள்ளூர் மீன். குறுண்டெல் என்றால், அதை இன்னோர் ஆற்றில் கொண்டுபோய் விடவே கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் பிழையாகப் பெயர் சொன்னால் என்ன ஆகும்? காப்பாற்ற வேண்டியது செத்துப்போகலாம். அல்லது வரக்கூடாதது வாளியில் ஏறி இன்னோர் ஆற்றுக்குப் போய்விடலாம். பாசலுக்கு மேலே றைன் ஆற்றில் நீர்மின் நிலையங்களின் அணைகள் வரிசையாக நிற்கின்றன. அவை குறுண்டெலின் பயணத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் வாளிக்கு அணை கிடையாது. நம்முடைய தொஸ் ஆறும் அதே றைன் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் குழப்பம்தான். வயிற்றைப் பார்க்க வேண்டும். குறொப்பெயின் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு செட்டைகள் தனித்தனியாக இருக்கும், இரண்டு கைகளைப் போல. குறுண்டெலுக்கு அந்த இரண்டும் ஒன்றாக ஒட்டிச் சேர்ந்து, ஒரு சின்னக் கிண்ணம் போல ஆகியிருக்கும். அந்தக் கிண்ணத்தால் அது கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் உளுவையைக் கழுவி வெட்டிய உங்கள் அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "ஓம், வயித்தில உறிஞ்சி மாதிரி ஒண்டு இருக்கும்" என்று சொல்லக்கூடும். செதிலும் உதவும். குறுண்டெலுக்குச் செதில் உண்டு, குறொப்பெக்கு இல்லை. பாசலில் பெருகிய அந்த வகைக்கு முதுகின் முன் செட்டையில் ஒரு கறுப்புப் பொட்டும் இருக்கும்.

ஆகவே அம்மப்பாவுக்கு நீங்கள் இப்படிச் சொல்லலாம்:

"அம்மப்பா, இதுக்கு வயித்துச் செட்டை ரெண்டும் தனித்தனி. உளுவை இல்லை."

"அப்பிடியோ? நான் தலையை மட்டும்தான் பாத்தன்."

தலையை மட்டும் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நிறத்தை மட்டும் பார்ப்பது இன்னும் மோசம்.

நிறம் ஏன் ஏமாற்றும் என்று தெரிய வேண்டுமானால், சுழியோடிகளைக் கேட்க வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் போகிறவர்களைத்தான் சுழியோடி என்கிறோம். முன்பு முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு போனார்கள். அவர்களும் சுழியோடிகளே.

சூரிய வெளிச்சத்தில் உள்ள நிறங்களைத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதலில் மறைவது சிவப்பு. சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மீன் பழுப்பாகத் தெரியத் தொடங்கும். இன்னும் கீழே போனால் சாம்பல் நிறம். கையில் உள்ள விளக்கைப் போட்டால் திடீரென்று சிவப்பாகிவிடும்! மீன் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது. போதாததற்குக் குறொப்பெ போன்ற மீன்கள் தாங்கள் படுத்திருக்கும் தரைக்கு ஏற்றபடி நிறத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

அளவும் ஏமாற்றும். சுழியோடியின் முகக் கண்ணாடிக்குள் காற்று இருக்கிறது, வெளியே தண்ணீர். வெளிச்சம் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைகிறது. அதனால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 15 சென்ரிமீற்றர் மீன் 20 சென்ரிமீற்றர் போலத் தோன்றும். "நான் பாத்த மீன் இவ்வளவு பெரிசு!" என்று யாராவது கையை விரித்துக் காட்டினால், கொஞ்சம் குறைத்தே நினையுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண்ணாடி சொன்னது.

இனி, ஒரு சுழியோடி கண்ட ஒரு சின்ன மீனின் கதையைச் சொல்கிறேன். இது உண்மையில் நடந்தது. நடந்த இடமும் தூரம் இல்லை. வின்டர்தூரிலிருந்து வடக்கே, நேர்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர், ஜேர்மனியின் எல்லைக்கு அந்தப் பக்கம்.

அங்கே ஆஹ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பெரிய நீரூற்று. பெயர் ஆஹ்தொப்ஃ. ஜேர்மனியிலேயே அதிகமாகத் தண்ணீர் தரும் ஊற்று இதுதான். சராசரியாக ஒரு நொடிக்கு 8,000 லீற்றருக்கும் மேல்! அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்துக்கு ஒரு முறை போய்வருவோம். புத்தூர்ப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. ஊருக்குப் போனபோது நீங்களும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் நிலத்தின் அடியில் ஓட்டைகளும் குகைகளும் உண்டாகும். நிலாவரையும் அப்படி வந்ததுதான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர்.

ஆஹ் ஊரைச் சுற்றியுள்ள நிலமும் சுண்ணாம்புக்கல்தான். அதற்கு வடக்கே டனூப் ஆறு ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் 'தொனாவ்' என்று படித்திருப்பீர்கள். இம்மென்டிங்கன் என்ற இடத்தில் அந்த ஆற்றின் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. கோடையில் ஆறு முழுவதும் மறைந்து, வெறும் கல்லும் மணலும் மிஞ்சுவதும் உண்டு. 1877 இல் அடொல்ஃப் க்னொப் என்ற நிலவியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். ஆறு மறையும் இடத்தில் நிறைய உப்பையும் ஒரு சாயத்தையும் கொட்டினார். சுமார் 60 மணித்தியாலத்தின் பின் ஆஹ்தொப்ஃ ஊற்று பளபளக்கும் பச்சை நிறமாக மாறியது. தண்ணீர் உப்புக் கரித்தது. ஆக, டனூப் ஆற்றின் தண்ணீர் நிலத்தின் அடியில் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் இருட்டில் ஓடி இங்கே வெளியே வருகிறது என்பது உறுதியாயிற்று. இப்படி ஒரு சோதனையை இன்று யாரும் செய்ய விடமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பச்சை ஊற்றைப் பார்த்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது.

அந்த 12 கிலோமீற்றர் இருட்டுக்குள் நுழைந்து பார்க்கும் வேலையைக் குகைச் சுழியோடிகள் செய்கிறார்கள். மிகவும் ஆபத்தான வேலை. மேலே வந்து மூச்செடுக்க முடியாது, மேலே இருப்பது பாறை. எதிரே வேகமான நீரோட்டம். தண்ணீர் கலங்கினால் சொந்தக் கையே தெரியாது. நீண்ட பயிற்சி எடுத்த பெரியவர்கள் மட்டுமே, அதுவும் ஆற்றில் தண்ணீர் குறைந்த நாள்களில் மட்டுமே போவார்கள்.

2015 ஓகஸ்ற் மாதத்தில் யோவாகிம் கிறைசெல்மையர் என்ற குகைச் சுழியோடி அப்படி உள்ளே போனார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்ன மீன். குகைக்குள் மீன் வருவது பெரிய அதிசயம் இல்லை. ஆற்று வெள்ளம் சில மீன்களை அடித்துக்கொண்டு வரும். ஆனால் இந்த மீன் வித்தியாசமாக இருந்தது. வெளிறிப்போன உடம்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் புள்ளிதான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. படம் எடுத்தார். அந்தப் படம் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தில் மீன்களை ஆராயும் யஸ்மின்கா பேர்மன்-கோடெல் என்பவரிடம் போனது. படத்தைப் பார்த்ததும் அவருக்கும் ஆர்வம். ஆனால் படம் மட்டும் போதாது. வெளிச்சம் ஏமாற்றும், நிறம் ஏமாற்றும் என்று மேலே படித்தோம் அல்லவா? ஆகவே கிறைசெல்மையர் திரும்பவும் அதே இருட்டுக்குள் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு மீனை உயிரோடு கொண்டுவந்தார். பிறகு இன்னும் சிலவற்றைப் பிடித்தார்.

இனி அடையாளம் காணும் வேலை. ஆராய்ச்சியாளர்கள் வாயைப் பார்த்தார்கள். வாயைச் சுற்றி ஆறு மீசைகள். உடம்பு நீளமாக, உருண்டையாக இருந்தது. இது 'ஷ்மெர்லெ' என்ற மீனின் அடையாளம். ஷ்மெர்லெ இங்குள்ள ஓடைகளில் வாழும் சாதாரண மீன். நமக்கு இதன் சொந்தக்காரர் ஒருவரைத் தெரியும். தமிழ்நாட்டில் குழம்பு வைக்கும் அயிரை மீன், ஷ்மெர்லெக்குத் தூரத்து உறவு. அயிரைக்கும் வாயைச் சுற்றி மீசை உண்டு.

ஆக, குகையில் இருந்தது ஓர் அயிரை வகை. ஆனால் வெளியே உள்ள ஷ்மெர்லெ பழுப்பு நிறம், உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும். இதுவோ வெளிறிய இளஞ்சிவப்பு. அதன் மீசை வெளியே உள்ளதன் மீசையை விட நீளம். மூக்குத் துவாரங்களும் பெரியவை. கண்கள் மிகச் சிறியவை.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். வந்ததா உங்களுக்கு? வெளியில் உள்ள ஒரு மீன் தவறுதலாக உள்ளே போய், இருட்டில் கிடந்து நோயாளி போல வெளிறியிருக்கலாம் அல்லவா?

அதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். ஆற்றின் மேற்பக்கத்தில் உள்ள ஷ்மெர்லெ, ஊற்றுக்குக் கீழே உள்ள ஷ்மெர்லெ, குகை மீன் ஆகிய மூன்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மரபணு என்பது உடம்பைக் கட்டுவதற்கான குறிப்புகள் எழுதிய புத்தகம் போன்றது. அம்மா அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். குகை மீனின் புத்தகம் மற்ற இரண்டிலிருந்தும் வேறாக இருந்தது. அது தவறி விழுந்த விருந்தாளி இல்லை, தலைமுறை தலைமுறையாகக் குகைக்குள்ளே வாழும் குடும்பம்.

எவ்வளவு காலமாக? அதற்குப் பதில் பனியில் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் அந்தப் பகுதியைப் பெரும் பனிப்பாறைகள் மூடியிருந்தன. குகைகளுக்குள் மீன் போக வழி இல்லை. பனி உருகிப் பின்வாங்கிய பிறகுதான் டனூப் தண்ணீர் குகைக்குள் இறங்கத் தொடங்கியது. ஆகவே இந்த மீன்கள் உள்ளே போய் 20,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க முடியாது. நமக்கு அது நீண்ட காலம். ஒரு மீனின் உடம்பு இவ்வளவு மாறுவதற்கு அது குறுகிய காலமே.

கண்ணைப் பாவிக்காததால் கண் தேய்ந்துபோயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது அப்படி இல்லை. நீங்கள் ஒரு வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தாலும், உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் கண் சிறுத்துப்போகாது. நடப்பது வேறு. எந்தக் குடும்பத்திலும் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பிறப்பதில்லை. கண் கொஞ்சம் சிறிய மீன் வெளி ஆற்றில் பிறந்தால் எதிரியைக் காணாமல் செத்துப்போகும். குகைக்குள் பிறந்தால் அதற்கு ஒரு நட்டமும் இல்லை, எல்லோருக்கும் இருட்டுத்தானே. ஆனால் நீண்ட மீசையோடு பிறந்த மீன் இருட்டில் தடவித் தடவி இரையைக் கண்டுபிடித்துவிடும். அது பிழைக்கும், குஞ்சு போடும். இப்படி ஆயிரம் ஆயிரம் தலைமுறை போனால், சின்னக் கண்ணும் நீண்ட மீசையும்தான் மிஞ்சும்.

2017 இல் இந்தச் செய்தி ஒரு விஞ்ஞான இதழில் வெளிவந்தது. அதை எழுதியவர்களின் பெயர்களுக்கு நடுவே கிறைசெல்மையரின் பெயரும் இருந்தது. ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் குகை மீன் அது. அதுவரை உலகில் அறியப்பட்ட குகை மீன்கள் எல்லாம் அதைவிடத் தெற்கே இருந்தவை. இவ்வளவு ஊர்களும் பல்கலைக்கழகங்களும் உள்ள இடத்தில், இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் ஒரு மீன் காலடியில் வாழ்ந்திருக்கிறது!

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. கேரளத்தில் கோட்டயம் பகுதியில் கிணற்றுத் தண்ணீரில் சின்னஞ்சிறு கெளுத்தி மீன்கள் வந்தன. சிவந்த உடம்பு, கண்ணே இல்லை. 1950 இல்தான் விஞ்ஞானிகள் அதற்கு முதன்முதலாகப் பெயர் கொடுத்தார்கள். அங்கே சுழியோடி தேவைப்படவில்லை. வாளியில் அள்ளியவர் கூர்ந்து பார்த்தது போதுமாக இருந்தது.

கூர்ந்து பார்ப்பதற்குப் பதிலாகக் கேட்டதையெல்லாம் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சூரிச்சிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கொன்றாட் கெஸ்னர் சூரிச்சில் வாழ்ந்த பெரிய அறிஞர். 1558 இல் மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் உள்ள பல படங்கள் அருமையானவை. ஆனால் பல நாடுகளிலிருந்து மற்றவர்கள் அனுப்பிய படங்களையும் அவர் சேர்த்தார். ஆகவே துறவி போல அங்கி அணிந்த 'கடல் துறவி' என்ற விலங்கும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது! யாரோ எதையோ கண்டார், இன்னொருவர் கேட்டு வரைந்தார், மூன்றாமவர் அச்சடித்தார். கெஸ்னரைக் குறை சொல்லாதீர்கள். அவரிடம் கமரா இல்லை.

உங்களிடம் இருக்கிறது. ஆகவே தெரியாத மீனைக் கண்டால் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் பெயரைத் தேடாதீர்கள். மீனைப் பாருங்கள். உடம்பின் வடிவம் எப்படி? பாம்பு போலவா, இலை போலத் தட்டையா, தலை பெருத்து வால் சிறுத்ததா? வாய் எங்கே இருக்கிறது? கீழ்நோக்கிய வாய் என்றால் அடியில் மேய்கிற மீனாக இருக்கலாம். மீசை உண்டா, எத்தனை? இந்த எண்ணிக்கை மிகவும் முக்கியம். சூரிச் ஏரியில் இரவில் இறங்கும் சுழியோடிகள், தாடையின் நடுவில் ஒரேயொரு தாடி மயிர் தொங்கும் நீளமான மீனைக் காண்பார்கள். அந்த ஒற்றைத் தாடியைக் கண்டாலே அது 'திறூஷெ' என்று சொல்லிவிடலாம். ஷ்மெர்லெக்கு ஆறு, திறூஷெக்கு ஒன்று, குறொப்பெக்கு ஒன்றுமே இல்லை.

செட்டைகளை எண்ணுங்கள். முதுகில் ஒன்றா, இரண்டா? வயிற்றில் ஒட்டியா, தனியா? பிறகு இடத்தைக் குறித்துவையுங்கள்: எந்த ஆறு, எவ்வளவு ஆழம், கல்லா, மணலா, செடியா? கடைசியாக, மீன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதுங்கள். நீந்தியதா, தாவியதா, மண்ணுக்குள் புதைந்ததா? படம் எடுத்தால் பக்கவாட்டிலிருந்து ஒன்று, முடிந்தால் பக்கத்தில் ஒரு கல்லோ விரலோ தெரியும்படி இன்னொன்று. அப்போதுதான் அளவு தெரியும்.

ஊருக்குப் போகும்போதும் இது உதவும். திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. மூச்சுக் குழாயும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அங்கே பலரும் மீன் பார்ப்பார்கள். நீங்களும் பார்க்கலாம். அங்கேயோ, பக்கத்தில் கடற்புல் வளர்ந்த ஆழம் குறைந்த இடங்களிலோ இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்:

"அக்கா, புல்லு ஒண்டு நீந்துது!"

"புல்லு நீந்துமோடா? அலை அசைக்குது."

"இல்லை அக்கா, அதுக்குக் கண் இருக்கு!"

கண் இருந்தால் அது புல் இல்லை. புல்லைப் போல ஒல்லியான, குழல் போன்ற மூக்குள்ள மீன் ஒன்று உண்டு. அதன் நெருங்கிய உறவுதான் கடற்குதிரை. பெயரில் குதிரை, வால் குரங்கு வால் போலச் சுருளும், நிமிர்ந்தபடி நீந்தும். பார்த்தால் மீன் என்றே தோன்றாது. ஆனால் தண்ணீரில் பூவால் மூச்சு விடுகிறது, முதுகில் சின்னச் செட்டை படபடவென்று அடிக்கிறது. அந்த இரண்டையும் கவனித்தவர் அது மீன் என்று சொல்லிவிடுவார். பெண் கடற்குதிரை முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடும். குஞ்சுகள் வெளியே வரும்வரை சுமப்பது அப்பாதான். தொஸ் ஆற்றில் கல்லின் கீழே விசிறிக்கொண்டிருக்கும் குறொப்பெ அப்பாவை நினைத்துப் பாருங்கள்.

எந்த மீனையும் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே பவளப் பாறையில் காலை ஊன்றவும் கூடாது. இங்கேயும் ஓர் ஆற்று மீனை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. வளர்ப்புத் தொட்டி மீன் அலுத்துவிட்டது என்று அதைக் குளத்தில் விடுவதும் கூடாது. படம் போதும். படத்தில் வயிற்றுச் செட்டை ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால், வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி சூரிச் மாநில மீன்பிடித் துறைக்கு அனுப்புங்கள்.

ஆஹ்தொப்ஃ ஊற்றின் தண்ணீர் ஒரு சின்ன ஆறாகி, பொடன் ஏரியில் விழுகிறது. அங்கிருந்து றைன் ஆற்றோடு ஷப்ஹவுசன் நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கீழே வருகிறது. தொஸ்ஸெக் என்ற இடத்தில் நம்முடைய தொஸ் ஆறு வந்து அதனோடு கலக்கிறது. அடுத்த முறை அங்கே உலாவப் போனால், குகைக்குள் கண் தெரியாத மீன்களைத் தொட்டு வந்த தண்ணீரும், குறொப்பெயின் கூரைக் கற்களைத் தொட்டு வந்த தண்ணீரும் ஒன்றாக ஓடுவதைக் காண்பீர்கள். அம்மப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

"அம்மப்பா, இந்தத் தண்ணியில கொஞ்சம் டனூப் ஆத்துத் தண்ணி."

"சும்மா சொல்லாத பிள்ளை, டனூப் எங்க, இது எங்க?"

"உண்மையா! இருங்கோ, பச்சைத் தண்ணிக் கதை சொல்லுறன்."